காருக்கு அடியில் போவதற்கு முன்: வீட்டில் ஜாக்கியும் ஸ்டாண்டும் போடும் முறை

ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கிய காரைத் தாங்க வேண்டியது ஸ்டாண்டு. சக்கரங்களில் உருளும் டிராலி ஜாக்கியோ, பாட்டில்போல் நிற்கும் பாட்டில் ஜாக்கியோ, உள்ளே ஆயிலை அடைத்துப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் சீலும் வால்வுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன இரும்புக் குண்டும்தான். சீல் தேய்ந்தாலோ, குண்டுக்கு அடியில் ஒரு பொடி மண் சிக்கினாலோ ஜாக்கி இறங்க ஆரம்பிக்கும். சில சமயம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கும், சில சமயம் ஒரே அடியாக இறங்கும். டிக்கியில் ஸ்டெப்னியோடு வரும் கத்தரி ஜாக்கியில் ஆயில் கிடையாது, அதனால் கசிய வழியில்லை. ஆனால் அதன் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கார் கொஞ்சம் முன்னே பின்னே அசைந்தால் அப்படியே சாய்ந்துவிடும். டயர் மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் அதை நம்பாதீர்கள்.

ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் கை, கால், தலை எதுவும் போகக் கூடாது. உருண்டு போன நட்டை எடுக்க ஒரு நொடி கையை விடுவதும் இதில் சேர்த்தி.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தரமான ஸ்டாண்டு எடை தாங்காமல் நொறுங்குவது அரிது. கார் பக்கவாட்டில் நகர்ந்து, ஸ்டாண்டு சாய்ந்து, அதனால் விழுவதுதான் வழக்கம். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த நகர்வைத் தடுப்பதற்கான வழிகள்தான்.

தரை

கெட்டியான, சமமான கான்கிரீட் தரை வேண்டும். பார்வைக்குச் சமமாகத் தெரியும் தரைகூட மழைநீர் ஓடுவதற்காக வாட்டம் வைத்துப் போடப்பட்டிருக்கும். ஒரு ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் உருண்டையான பாட்டில் ஒன்றைப் படுக்க வைத்தால் போதும். தானாக உருண்டு ஓடினால் அங்கே காரைத் தூக்க வேண்டாம்.

மண், சரளை, புல் தரை அறவே கூடாது. ஒரு கால் புதைந்தாலே ஸ்டாண்டு சாய்ந்துவிடும். தார்த் தரை வெயிலில் இளகும். ஸ்டாண்டின் கால்கள் மெல்லிய இரும்புத் தகடால் ஆனவை என்பதால், காலையில் நேராக நின்றது மதியத்துக்குள் உள்ளே இறங்கியிருக்கும். தார்த் தரையைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் 18 மி.மீ. கனத்தில், நான்கு காலும் முழுதாக அடங்கும் அளவுக்கு, குறைந்தது 30 செ.மீ. சதுரமாக பிளைவுட் போடுங்கள். இன்டர்லாக் கல் பதித்த இடத்திலும் இதே பலகை வேண்டும், ஏனென்றால் கல்லுக்கு அடியில் இருப்பது வெறும் மணல். வழவழப்பான டைல்ஸ் தரையில் இரண்டு சிக்கல். டைல்ஸ் விரிசல் விடும், அதைவிட மோசமாக ஸ்டாண்டு வழுக்கும். சிந்திய ஆயில், தண்ணீர், சின்னக் கல் எல்லாவற்றையும் பெருக்கித் துடைத்த பிறகே ஜாக்கியை உள்ளே தள்ளுங்கள்.

ஜாக்கியும் ஸ்டாண்டும் எவ்வளவு வலு

சின்ன ஹேட்ச்பேக் கார் சுமார் 900 முதல் 1,000 கிலோ, செடான் 1,200 முதல் 1,400 கிலோ, பெரிய எஸ்யூவி 1,800 முதல் 2,200 கிலோ வரை இருக்கும். முன் சக்கர ஓட்டமுள்ள கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன் சக்கரங்களில் விழும். 1,200 கிலோ காருக்கு முன்பக்கம் மட்டும் 720 கிலோ. கணக்குப்படி ஒரு ஸ்டாண்டுக்கு 360 கிலோதான் வருகிறது. ஆனாலும் சின்ன காருக்கு 2 டன், எஸ்யூவிக்கு 3 டன் ஸ்டாண்டு வாங்குவதே நல்லது. பாரம் எப்போதும் சமமாகப் பிரிந்து விழுவதில்லை, பெரிய ஸ்டாண்டின் அடிப்பாகமும் அகலம்.

லேபிளை நிதானமாகப் படியுங்கள். சில ஸ்டாண்டுகளில் எழுதியிருக்கும் டன் அளவு ஜோடிக்கானது. ஜோடிக்கு 3 டன் என்றால் ஒன்றுக்கு 1.5 டன்தான்.

ஸ்டாண்டில் பரவலாக இரண்டு வகை உண்டு. ஒன்று ராட்செட்: நடுத் தண்டில் பற்கள் இருக்கும், கைப்பிடியோடு சேர்ந்த இரும்பு நாக்கு ஒரு பல்லில் விழுந்து பிடிக்கும். இன்னொன்று ஊசி வகை: தண்டில் துளைகள் இருக்கும், கனமான பின் ஒன்றைக் குறுக்கே சொருக வேண்டும். ராட்செட் வகையில் உயரம் வைப்பது சுலபம், அளவும் நுணுக்கமாக வைக்கலாம். ஊசி வகையில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. பின் உள்ளே முழுதாகப் போனதா என்பது கண்ணுக்கே தெரியும். ராட்செட் வாங்கினால், நாக்குக்கு மேல் தனியாக ஒரு பூட்டுப் பின் உள்ளதையே வாங்குங்கள். கைப்பிடியில் ஸ்பானரோ காலோ தட்டினாலும் நாக்கு எழும்பாமல் அது பார்த்துக்கொள்ளும். 2020இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடைத் தொடர், தான் விற்ற 3 டன், 6 டன் ராட்செட் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டி வந்தது. வார்ப்பு அச்சு தேய்ந்து, நாக்கு பற்களில் முழு ஆழத்துக்குப் பொருந்தாமல் போனதுதான் காரணம். மாற்றாகக் கொடுத்த சில ஸ்டாண்டுகளில் வெல்டிங் குறை இருந்ததும் பிறகு தெரிய வந்தது. எனவே புது ஸ்டாண்டு என்றாலும் ஒவ்வொரு பல்லிலும் நாக்கு எவ்வளவு ஆழம் விழுகிறது என்று பாருங்கள். வெல்டிங் ஓரங்களில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல், வளைந்த கால், பற்களில் துருப் பொருக்கு ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த ஸ்டாண்டு கழிவுதான். அதை வெல்டு வைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள்.

ஸ்டாண்டுக்குப் பதிலாக செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல், பழைய வீல் டிஸ்க் என்று முட்டுக் கொடுப்பது பல இடங்களில் கண்ணில் படுகிறது. ஹாலோ பிளாக் சுவரில் இருக்கும்போது பாரம் அதன் முழுப் பரப்பிலும் பரவும். காரின் அடிப்பாகமோ ஒரு சின்னப் புள்ளியில் அழுத்தும். இரும்பு வளைந்து எச்சரிக்கும், கான்கிரீட் எச்சரிக்காது. ஒரே நொடியில் பொடியாகிவிடும். இதை எந்த அவசரத்துக்கும் செய்யாதீர்கள்.

டிராலி ஜாக்கியின் நிலையையும் சோதிக்க வேண்டும். காரின் ஒரு பக்கத்தை டயர் தரையை விட்டு எழும்பும் வரை தூக்கி, தரையிலிருந்து கதவுக்கு அடியில் உள்ள விளிம்பு எவ்வளவு உயரம் என்று வெளியிலிருந்தே அளந்து, 10 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். இறங்கியிருந்தால் சீலோ வால்வோ போய்விட்டது. பம்ப் அடிக்கும்போது கைப்பிடி பஞ்சுபோல் உள்ளே போனால் ஆயிலில் காற்று இருக்கிறது. பாரம் இல்லாமல் ரிலீஸ் வால்வை (ஜாக்கியை இறக்கத் திறக்கும் திருகை) திறந்து வைத்து 10, 15 முறை பம்ப் அடித்தால் வெளியேறும். ஆயில் குறைந்திருந்தால் ஜாக்கிக்கான ஹைட்ராலிக் ஆயில் மட்டுமே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் ஜாக்கியின் சீல்கள் ஊறி உப்பிக் கெட்டுவிடும்.

எங்கே தூக்குவது, எங்கே தாங்குவது

காரோடு வந்த கையேட்டில் இதற்கென்று படம் இருக்கும். அதை ஒரு முறை பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான கார்களில் கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டு விளிம்பில் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் பலப்படுத்திய இடங்கள் இருக்கும். விளிம்பில் இரண்டு சின்ன வெட்டுகளோ அம்புக்குறிகளோ அந்த இடத்தைக் காட்டும். அந்த வெட்டுகளுக்கு நடுவில்தான் வலு. ஒரு சாண் தள்ளி வைத்தால் தகடு மடங்கிவிடும்.

இங்கேதான் முதல்முறை செய்பவர்கள் திணறுவார்கள். மூலைக்கு ஒரு இடம்தான் இருக்கிறது, அதே இடத்தில் ஜாக்கியும் வேண்டும், ஸ்டாண்டும் வேண்டும். தீர்வு என்னவென்றால், ஜாக்கியை நடுவில் வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தூக்கி, ஸ்டாண்டுகளை ஓரத்து இடங்களில் வைப்பது. முன்னால் சஸ்பென்ஷனைத் தாங்கும் கனமான கிராஸ் மெம்பரின் (காரின் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தின்) நடுப்பகுதி, பின்னால் கையேடு காட்டும் கிராஸ் மெம்பர் அல்லது இழுவைக் கொக்கிப் பகுதி இதற்கு உதவும். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டார்ஷன் பீமின் நடுவில் ஜாக்கி வைக்க வேண்டாம் என்று பல கையேடுகள் சொல்கின்றன, அது வளைந்தால் சக்கரங்களின் அலைன்மென்ட் போய்விடும். டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) கூட்டில் ஜாக்கி வைப்பது, கையேடு அனுமதித்தால் மட்டும்.

ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு), கியர்பாக்ஸ் கூடு, ரேடியேட்டரைத் தாங்கும் மெல்லிய பட்டை, தரைத் தகடு, பெட்ரோல் டேங்க், சைலன்சர் குழாய், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு, பிளாஸ்டிக் உறை இவற்றில் எதிலும் ஜாக்கியின் தலை படக் கூடாது. மின்சாரக் கார்களில் பேட்டரி வயிற்றுப் பகுதி முழுவதும் பரவியிருக்கும். அதன் உறையில் ஒரு சின்ன நசுங்கல் விழுந்தாலும் பெரிய ஆபத்து. அந்தக் கார்களில் குறித்த நான்கு இடங்களைத் தவிர வேறு எங்கும் தொடாதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்) உள்ள கார் என்றால் முதலில் ஜாக்கி நிலைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் காரே தன் உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும், அதில் பாரம் இடம் மாறும்.

தகட்டு விளிம்பை ஸ்டாண்டின் பிறை வடிவத் தலைமேல் நேரடியாக உட்கார வைத்தால் விளிம்பு நசுங்கும், பெயின்ட் உதிர்ந்து துரு பிடிக்கும். நடுவில் பள்ளம் வெட்டிய கெட்டியான ரப்பர் துண்டு ஸ்டாண்டின் தலைக்குப் பொருந்தும் அளவில் கிடைக்கும். விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும், பாரம் இரண்டு பக்கத்துத் தட்டைப் பகுதியில் விழ வேண்டும். ஸ்டாண்டின் மேல் தளர்வாக மரக்கட்டை வைக்காதீர்கள். நார் ஓடும் வாக்கில் பிளந்து தெறிக்கும்.

தூக்குவதற்கு முன்

டிக்கியில் இருக்கும் கனமானவற்றை இறக்குங்கள். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது, குழந்தைகளும் நாய் பூனையும் அந்தப் பக்கமே வரக் கூடாது. சக்கரத்தைக் கழற்றப்போகிறீர்கள் என்றால், கார் தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். இறுகிப்போன நட்டைத் தூக்கிய காரில் நீளக் கம்பி போட்டு இழுப்பது, காரையே ஸ்டாண்டிலிருந்து இழுப்பதற்குச் சமம்.

ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் அல்லது, ஆட்டோமேட்டிக் கார் என்றால், பார்க் (P) நிலையில் நிறுத்துங்கள். தரையில் இருக்கப்போகும் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பிரேக் போட்ட பிறகு கட்டை எதற்கு என்று தோன்றும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தச் சக்கரங்கள் காற்றில் இருக்கும், பிரேக்கால் ஒரு பயனும் இல்லை. முன் சக்கர ஓட்டமுள்ள காரில் கியர் முன் சக்கரங்களைப் பிடிக்கிறதே என்றால், ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கும்போது அந்தப் பிடியும் போய்விடும். டிஃபரன்ஷியல் வழியாக, தரையில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் உருள, மேலே இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். கியர்பாக்ஸ் பூட்டியபடியே இருக்க, கார் நகர்ந்துவிடும். கட்டை மட்டும்தான் எல்லா நிலையிலும் பிடிக்கும். அதனால் டயரில் நன்றாக இறுகும்படி தட்டி வையுங்கள்.

தூக்குவதும் இறக்கி வைப்பதும்

ஜாக்கியை உள்ளே தள்ளி, ரிலீஸ் வால்வை வலப்பக்கம் திருகி மூடி, தலை காரில் லேசாகத் தொடும் வரை பம்ப் அடியுங்கள். அங்கே நிறுத்தி, டார்ச் அடித்து, தலை சரியான இடத்தில் நடுவாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 5 செ.மீ. தூக்கி மறுபடி பாருங்கள்.

டிராலி ஜாக்கியின் தூக்கும் கை நேராக மேலே போவதில்லை, வில்போல் வளைந்து போகும். காரும் எதிர்ப்பக்கச் சக்கரங்களை அச்சாகக் கொண்டு சாய்ந்து எழுகிறது. இரண்டும் சேர்ந்து ஜாக்கியின் தலையைச் சில செ.மீ. கிடைமட்டமாக இழுக்கும். அந்த அளவுக்கு ஜாக்கி தன் சக்கரங்களில் உருண்டு ஈடுகொடுக்க வேண்டும். சக்கரத்தின் முன் ஒரு சின்னக் கல் இருந்தாலும், பலகையின் விளிம்பில் முட்டினாலும் ஜாக்கி உருளாது. தலை காரின் அடியில் தேய்ந்து வழுக்கும் அல்லது காரையே இழுக்கும். ஜாக்கி நகர்கிறதே என்று பயந்து அதன் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் உண்டு. அதுதான் மிகத் தவறு. கட்டை காரின் சக்கரத்துக்கு, ஜாக்கியின் சக்கரம் தாராளமாக உருள வேண்டும்.

பம்ப் அடிக்கும்போது காருக்கும் சுவருக்கும் நடுவில் நிற்காதீர்கள். பின்னால் விலகிப் போக இடம் இருக்க வேண்டும்.

ஸ்டாண்டு வைக்கும் உயரத்தைவிட 2, 3 செ.மீ. அதிகம் தூக்கியதும் இரண்டு ஸ்டாண்டையும் வெளியிலிருந்து கையால் உள்ளே தள்ளுங்கள், உடம்பு வெளியிலேயே இருக்கட்டும். இரண்டும் ஒரே பல்லில் இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். வேலைக்குத் தேவையான உயரத்துக்கு மேல் ஒரு பல்கூட வேண்டாம், தண்டு உயர உயர ஸ்டாண்டு ஆட்டம் காட்டும். கைப்பிடியைக் கீழே அழுத்தி, பூட்டுப் பின்னைச் சொருகுங்கள்.

பிறகு ரிலீஸ் வால்வை இடப்பக்கம் மிக மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, கார் ஸ்டாண்டைத் தொட்டதும் உடனே மூடுங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் நான்கு காலும் தரையில் பதிந்திருக்கிறதா, விளிம்பு ரப்பர் பள்ளத்தில் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டிருந்தால், பரவாயில்லை பாரம் விழுந்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். மறுபடி தூக்கி, நகர்த்தி, மறுபடி இறக்குங்கள். எல்லாம் சரியென்றால் பாரத்தை முழுதாக விடுங்கள்.

இனி சோதனை. பம்பர் மூலையிலும் பக்கவாட்டிலும் உள்ளங்கையை வைத்துக் காரை நன்றாகத் தள்ளி ஆட்டுங்கள், அடியில் போன பிறகு ஸ்பானரால் இழுக்கப்போகும் பலத்தைவிட அதிகமாக. சஸ்பென்ஷன் சற்று அசையலாம். ஸ்டாண்டு அசையக் கூடாது, கிறீச்சென்றோ டக்கென்றோ சத்தம் வரக் கூடாது. விழுவதாக இருந்தால், நீங்கள் வெளியே நிற்கும்போது விழட்டும்.

தேர்ச்சி பெற்ற பிறகும் ஜாக்கியை எடுத்துவிடாதீர்கள். காரைத் தொட்டும் தொடாமலும் அதே இடத்தில் நிற்கட்டும். கழற்றிய சக்கரங்களைக் கதவு விளிம்புக்கு அடியில் படுக்கவைத்துத் தள்ளுங்கள். ஸ்டாண்டு போனாலும் கார் அந்தச் சக்கரத்தில் முட்டி நிற்கும், அடியில் இருப்பவருக்கு அந்த இடைவெளி உயிர்.

நான்கு ஸ்டாண்டில் நிறுத்துவது

முன்பக்கத்தை முதலில் தூக்குங்கள், அப்போது ஹேண்ட் பிரேக் பிடித்த பின் சக்கரங்கள் தரையில் இருக்கும். முன் ஸ்டாண்டுகளைத் தாழ்ந்த பல்லில் வைத்து, அடுத்து பின்பக்கம். ஆபத்தான கட்டம் இந்த இரண்டாவது தூக்கல்தான். காரின் ஒரு முனை ஏற்கெனவே ஸ்டாண்டில் இருக்கிறது. பின்னால் ஜாக்கி உருளாமல் காரை இழுத்தால், முன் ஸ்டாண்டுகள் இரண்டும் சேர்ந்து சாயும். கொஞ்சம் தூக்கி, எழுந்து போய் முன் ஸ்டாண்டுகளைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் தூக்குங்கள். கூட ஒருவர் முன்னால் நின்று பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டரை மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள காரில் முன்பக்கம் 30 செ.மீ. உயர்ந்திருந்தால் கார் ஏறத்தாழ 7 டிகிரி சாய்ந்திருக்கும். பின்பக்கமும் உயர்ந்து கார் சமமானதும், முன்னால் விளிம்பு உட்கார்ந்திருக்கும் கோணம் மாறிவிடும். அதனால் கடைசியில் நான்கையும் திரும்ப ஒரு சுற்றுப் பாருங்கள். இன்னும் உயரம் வேண்டுமென்றால் ஒரு முனைக்கு ஓரிரு பல் என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள்.

ஆயில் மாற்ற மட்டும் என்றால் இத்தனையும் தேவையில்லை. முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் சாய்தளம் ஒரு ஜோடி வாங்கினால் வேலை முடிந்தது, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தால் போதும்.

அடியில் இருக்கும்போது

வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள், போன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், மேலே இருந்து துருவும் மண்ணும் கொட்டும். பலமாக நெம்ப வேண்டிய நட்டு வந்தால், காரின் நீளவாக்கில் இழுக்கப் பாருங்கள், பக்கவாட்டில் வேண்டாம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஆக்ஸில் நட்டு போன்றவற்றைக் கார் தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற கனமான பாகத்தை இறக்கும்போது காரின் எடை மையமே பின்னால் போகும்; முன் ஸ்டாண்டுகளில் பாரம் குறைந்து கார் தூக்கிக்கொள்ளக் கூடும். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய் வந்தால், உள்ளே நுழையும் முன் மறுபடி ஆட்டிப் பாருங்கள்.

கார் சரிவதாகத் தெரிந்தால் கையால் பிடிக்கப் போகாதீர்கள். விலகிவிடுங்கள்.

தரைக்குக் கொண்டுவருவது

அடியில் கருவி எதுவும் இல்லை என்று பார்த்து, சக்கரங்களை மாட்டி நட்டுகளைக் கையால் முறுக்கி, ஸ்பானரால் எதிரெதிராக லேசாக இறுக்குங்கள். ஜாக்கியில் 2 செ.மீ. தூக்கினால் ஸ்டாண்டு விடுபடும். பூட்டுப் பின்னை எடுத்து, தண்டை இறக்கி, வெளியிலிருந்து இழுத்து எடுங்கள். வால்வை மெதுவாகத் திறந்து இறக்குங்கள். வேகமாக விட்டால் கார் துள்ளும், ஜாக்கி நழுவும். கட்டைகளை எடுப்பது கடைசி வேலை.

கடைசி இறுக்கம் கார் தரையில் நிற்கும்போதுதான், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால். சின்ன, நடுத்தரக் கார்களில் பலவற்றுக்கு 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் காருக்கான அளவு கையேட்டில் இருக்கும். நட்டுகளை நட்சத்திர வடிவில் எதிரெதிராக இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு இன்னொரு முறை அதே அளவில் சரிபாருங்கள். இறக்கியதும் கார் வழக்கத்தைவிடச் சற்று உயரமாக, சக்கரங்கள் உள்வாங்கியதுபோல் நிற்கும். தொங்கிய சஸ்பென்ஷன் டயரின் பிடியால் விரிய முடியாமல் இருப்பதால் வருவது அது; சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால் பழைய உயரத்துக்கு வந்துவிடும்.